ஹீலியம் எரியாது

ஹீலியம் எரியாது. எரிகிற தீக்குச்சியை அதற்குள் நீட்டினால் குச்சிதான் அணையும். பத்தாம் வகுப்பைத் தாண்டிய எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். ஆனாலும் திருவிழாவிலோ கட்சிக் கூட்டத்திலோ பலூன் தீப்பிடித்து நாலு பேருக்கு முகம் கருகினால், மறுநாள் “ஹீலியம் பலூன்கள் வெடித்துச் சிதறின” என்றுதான் செய்தி வருகிறது. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்காகக் கொத்துக் கொத்தாகப் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கொளுத்திய பட்டாசின் பொறி பட்டு அவை அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்தக் காணொளி எல்லோர் கைபேசிக்கும் வந்தது. கண் இமைப்பதற்குள் ஒரு நெருப்புப் பந்து, அப்புறம் தலைதெறிக்க ஓடுகிற கூட்டம். அதையும் சிலர் ஹீலியம் என்றே எழுதினார்கள்.

எரிந்தது ஹைட்ரஜன். சிலிண்டர் அழுத்தம் தாங்காமல் பிளப்பது வேறு விஷயம். உள்ளே எந்த வாயு இருந்தாலும் அது நடக்கும், ஹீலியத்துக்கும் நடக்கும். ஆனால் பலூன் நெருப்பாக எரிந்தது என்றால் உள்ளே இருந்தது ஹீலியம் இல்லை. இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஹீலியம் என்று எழுதிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துபோகிறது. ஏதோ தரமில்லாத சிலிண்டர், ஏதோ கெட்ட நேரம் என்று ஊர் தலையாட்டிவிட்டுப் போய்விடும். ஹைட்ரஜன் என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். அது எங்கிருந்து வந்தது? யார் தயாரித்தார்கள்? எதிலிருந்து?

நான் சாத்தூர் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்கு இந்தக் கேள்விகளுக்கான பதில் பாடப்புத்தகத்தில் கிடைக்கவில்லை, இருக்கன்குடியில் கிடைத்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற மணல்வெளி முழுக்கக் கடைகள். அதில் வளையல் கடைக்கும் சர்பத் வண்டிக்கும் நடுவில் ஒரு பலூன்காரர். நாற்பது வயது இருக்கும். காலடியில் அழுக்குச் சிவப்பில் ஒரு சிலிண்டர், அதைச் சுற்றி ஈரச் சாக்கு. சாக்கிலிருந்து லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. கடையில் வாங்கிய வாயு சிலிண்டருக்குச் சாக்கு சுற்ற வேண்டிய தேவை இல்லை. அதனால் நின்றேன்.

“தம்பி, உள்ளே என்ன போட்டிருக்க?”

“கேஸ்தாம்மா.”

“கேஸ் வர்றதுக்கு முந்தி என்ன போட்ட?”

ஏற இறங்கப் பார்த்தார். “டீச்சரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் மறைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினியத் துண்டு, காஸ்டிக் சோடா, தண்ணீர். காலையிலேயே போட்டு மூடியாயிற்று. சூடாகுமே என்றேன், அதற்குத்தான் சாக்கு என்றார். அழுத்தம் எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “கைய வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்மா. சூடு கொறஞ்சா அடங்கிருச்சுன்னு அர்த்தம்” என்றார். வினை நடக்கும்போது சூடு பிறக்கிறது, வினை ஓய்ந்தால் சூடு இறங்குகிறது என்பதை இந்த மனிதர் உள்ளங்கையால் கற்றிருக்கிறார். என் மாணவிகளில் பாதிப் பேர் வெப்ப உமிழ்வினைக்கு வரையறை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஒரு சோதனைக் குழாய் கையில் சூடாவதை உணராதவர்கள். ஆனால் அவர் விட்ட இடம் ஒன்று உண்டு. சூடு இறங்கினாலும் வாயு உள்ளேதான் இருக்கும், அழுத்தம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். உள்ளங்கைக்கு அது தெரியாது.

அசல் ஹீலியம் வாங்கலாமே என்று கேட்டால், கட்டுப்படியாகாது என்கிறார்கள். அது உண்மைதான். ஹீலியத்துக்கு நாம் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். (1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் நின்று சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களின் கருவியில் தென்பட்ட மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். முதலில் கண்ணில் பட்டது நம் பக்கத்தில், வருவது கப்பலில்.) ஒரு பலூனை இருபது ரூபாய்க்கு விற்று, அதில் தரைவாடகை கொடுத்து, மிச்சத்தில் வீட்டுக்கு அரிசி வாங்குகிறவரிடம் ஹீலியம் பற்றிப் பேசுவது எனக்கே கூச்சமாக இருந்தது.

கணக்குப் போட்டால் அவர் பக்கம் எவ்வளவு இழுப்பு என்பது புரியும். ஒரு கிலோ அலுமினியம் முழுவதும் கரைந்தால், நம் ஊர் வெயிலில் 1,300 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும். பலூனுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் நூறு பலூனைத் தாண்டும். பழைய சோற்றுப் பானை ஒன்றை நசுக்கிப் போட்டால் ஒரு நாள் பிழைப்பு. பள்ளியில் நாம் துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்துச் செய்வதை அவர் அலுமினியத்தையும் காரத்தையும் வைத்துச் செய்கிறார். அலுமினியம் சுபாவத்தில் சுறுசுறுப்பான உலோகம். ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று போர்த்தியிருப்பதால் அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் நம் வீட்டில் அதில் சோறு வடிக்க முடிகிறது. காஸ்டிக் சோடா அந்தத் தோலை உரித்துவிடும். உரிந்ததும் அலுமினியம் தண்ணீரைப் பிடித்துப் பிளந்து அதிலுள்ள ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது.

வினை சூட்டைத் தருகிறது, சூடு வினையை முடுக்குகிறது, முடுக்கிய வினை இன்னும் சூட்டைத் தருகிறது. திறந்த முகவையில் இது நடந்தால் பொங்கி மேசையில் வழியும், துடைத்துவிடலாம். மூடிய உருளையில் நடந்தால் போக இடமில்லை. ஐம்பது லிட்டர் உருளைக்குள் அந்த 1,300 லிட்டரும் அடைபட்டால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 26 மடங்கு. சூடாக இருக்கும்போது அதற்கும் மேல், தண்ணீர் இடத்தை அடைத்துக்கொண்டால் இன்னும் மேல். முறைப்படி செய்த ஹைட்ரஜன் சிலிண்டர் 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். இது அப்படிச் செய்ததல்ல. ஏதோ ஒரு பழைய உருளையின் தலையை வெட்டி, அலுமினியத்தைப் போடுவதற்கு வாய் வைத்து, பட்டறையில் பற்றவைத்தது. அழுத்தமானி கிடையாது, பாதுகாப்பு வால்வு கிடையாது. விசிலை ஆணி அடித்து அடைத்த குக்கர் என்று சொல்லலாம். அலுமினியம் கரைந்த பிறகு அடியில் தங்குகிற சாம்பல் நிறக் குழம்பு உறைந்து வால்வை அடைத்துக்கொள்ளும். சூடான காரம் எஃகின் பற்றவைப்புத் தையலில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். கொதிகலன் பொறியாளர்களுக்கு நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி இது. மூடும்போது உள்ளே மிஞ்சிய காற்றும் முதலில் வரும் ஹைட்ரஜனோடு கலந்தே நிற்கும்.

பிளந்தால் இரும்புத் துண்டுகள் மட்டும் பறப்பதில்லை. கொதிக்கிற காரமும் சேர்ந்து தெறிக்கும். கண்ணில் அமிலம் படுவதைவிடக் காரம் படுவது மோசம். அமிலம் மேல் திசுவை உறைய வைத்து அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். பலூன்காரர் முன்னால் நிற்கிற பிள்ளையின் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜன் தயாரிப்பு நம் பிள்ளைகளுக்குப் புதிய பாடம் இல்லை. உலோகம் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வெளியேறும், எரியும் குச்சியைக் காட்டினால் ‘பாப்’ என்ற ஒலியோடு எரியும் என்று நடுநிலை வகுப்பிலிருந்தே படிக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஹைட்ரஜனுக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. ‘பாப்’ என்று எழுதாத விடைத்தாளை நான் திருத்தியதில்லை. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டால் கைகள் மேலே வராது. உல்ஃப் குடுவையை ஒருநாளும் பார்க்காமல், திசில் புனலும் போக்குக் குழாயுமாக அதை அச்சுப்போல் வரைந்து பாகம் குறிக்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

ஏன் செய்து காட்டுவதில்லை? செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வும் பருமனறி பகுப்பாய்வும்தான் வரும். ஹைட்ரஜனுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத பாட்டிலின் மூடியை யாரும் திறப்பதில்லை. இதற்கு மேல் பயம். ஆய்வகத்தில் ‘டப்’ என்று சத்தம் வந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வருவார், தலைமையாசிரியர் கூப்பிட்டு விடுவார், சாயங்காலம் பெற்றோர் வருவார்கள். “டீச்சர், எதுக்கு வம்பு, ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டுருங்க” என்பது எனக்குக் கிடைத்த அறிவுரை. வீடியோ போட்டேன். பிள்ளைகள் நன்றாகப் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு கேள்வியும் வரவில்லை.

கேள்வி எப்போது வரும் என்றால், கையில் குழாய் இருக்கும்போது வரும். இரண்டு பேருக்கு ஒரு சோதனைக் குழாய், அதில் ஒன்றிரண்டு துத்தநாகத் துண்டு, ஐந்து மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தை ஊற்றியவுடன் எதுவும் பெரிதாக நடக்காது. புத்தகத்தில் அம்புக்குறி போட்டால் உடனே வாயு வந்துவிடும், ஆய்வகத்தில் வராது. “மிஸ், வரமாட்டேங்குது” என்று நாலு மூலையிலிருந்தும் புகார். சுத்தமான துத்தநாகம் அப்படித்தான், சோம்பேறி. இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசலை விட்டால் துண்டின் மேல் கருப்பாகத் தாமிரம் படியும். அடுத்த நொடி சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைக்கும். ஏன் மிஸ்? இதுதான் முதல் கேள்வி. துத்தநாகமும் தாமிரமும் அமிலத்துக்குள் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு சின்ன மின்கலம். துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தாமிரத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழாகிறது. மின்வேதியியல் பாடத்தை இரண்டு வருடம் கழித்துப் படிக்கப் போகிறவள் அதை இன்றைக்கே கண்ணால் பார்த்துவிடுகிறாள்.

அடுத்து ஒருத்தி கேட்பாள்: “வாயு துத்தநாகத்திலிருந்து வருதா, அமிலத்திலிருந்து வருதா?” சிரிக்கக் கூடாத கேள்வி. ஹென்றி கேவண்டிஷ் 1766-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரைகளில் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் மூன்றையும் நீர்த்த கந்தக அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் போட்டு வாயுவை அளந்தார். குறிப்பிட்ட எடை துத்தநாகத்துக்கு எந்த அமிலத்தில் போட்டாலும் ஒரே அளவு வாயு வந்தது. அதனால் வாயு உலோகத்துக்குள் இருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினார். அளந்தது சரி, முடிவு தவறு. உலோகம் விரட்டிவிடுகிறது, வருவது அமிலத்திலிருந்து. இந்த வாயுவை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவருக்கு வந்த அதே யோசனை எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் வருகிறது என்றால் அவள் சரியான பாதையில் யோசிக்கிறாள் என்று அர்த்தம். வீடியோவைப் பார்த்தவளுக்கு இந்தச் சந்தேகம் வராததற்குக் காரணம், சமன்பாடு ஏற்கெனவே திரையில் ஓரமாக எழுதியிருப்பதுதான்.

இனி, பலூன்காரர் சிலிண்டருக்கும் என் ஆய்வகத்துக்கும் முடிச்சுப் போடுகிற இடம். இரண்டு சோதனைக் குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்து வாயு சேகரிப்போம். ஒன்றில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அது முழுவதும் வெளியேறும் வரை ஹைட்ரஜன் பிடிப்போம். இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் காற்று. அந்த ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் ஹைட்ரஜன். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குச்சியைக் காட்டுவோம். முழுக் குழாய் லேசாக ஒரு ‘ப்’ சொல்லிவிட்டு வாயில் அமைதியாக எரியும். ஹைட்ரஜன் குறைவாக இருக்கிற அந்த இரண்டாவது குழாய்தான் நாய்க்குட்டி குரைத்த மாதிரி ‘வள்’ளென்று வெடிக்கும். பிள்ளைகள் துள்ளி விழுவார்கள். “மிஸ், கம்மியா இருக்கிறதுதானே கம்மியா வெடிக்கணும்?”

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்ட பிள்ளை ஆயுளுக்கும் பாதுகாப்பாக இருப்பாள். ஹைட்ரஜன் தனியாக இருந்தால் எரியும், அவ்வளவுதான். காற்றோடு சேர்ந்தால்தான் வெடிக்கும். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் தீப்பிடிக்கும். இத்தனை அகலமான வரம்பு சமையல் எரிவாயுவுக்குக் கிடையாது. பற்றிக்கொள்வதற்கு ஹைட்ரஜன் கேட்கிற பொறியோ பெட்ரோல் ஆவி கேட்பதில் பத்தில் ஒரு பங்குதான். நைலான் சேலை உரசுகிறபோது வருகிற பொறி போதும். நிறமில்லை, வாசனையில்லை. சமையல் வாயுவில் நாற்றத்துக்கென்று மருந்து சேர்க்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், இதில் சொல்லாது. சமையல் வாயு தரையோடு படியும், இது கூரையில் போய் நிற்கும். கல்யாண மண்டபத்தில் விளக்குச் சரத்துக்குப் பக்கத்தில், ஏசி காருக்குள், ஆரத்திக் கற்பூரத்துக்கு மேலே என்று நாம் பலூனை விடுகிற இடங்களை இந்த அறிவோடு ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். 2012 மே மாதம் ஆர்மீனியாவின் தலைநகர் எரவானில் ஒரு தேர்தல் கூட்டத்தில் பலூன் கொத்து எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். அதற்கு எட்டு வருடம் கழித்துப் பாடியில் நடந்தது. (ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்த கதையை நான் சொல்லப் போவதில்லை, ஹைட்ரஜன் என்றதும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அதனாலேயே அது ஜெர்மன்காரர்களுக்கு எப்போதோ நடந்த கதையாகிவிட்டது.)

வெடித்த குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்சுவரில் பனி படிந்த மாதிரி ஈரம் தெரியும். ஆனால் குழாயைத் தண்ணீரிலிருந்துதானே எடுத்தோம், அந்த ஈரமாக இருக்கலாமே என்று ஒருத்தி மடக்கினாள். சரியான மடக்கு. உலர்ந்த குழாயைக் கவிழ்த்துப் பிடித்து வாயுவை நேரடியாகப் பிடித்து மறுபடி செய்தோம், ஈரம் வந்தது. எரிந்த ஹைட்ரஜன்தான் தண்ணீராகிறது; தண்ணீர் எதனால் ஆனது என்று வேதியியலாளர் லவாய்சியே பாரிஸில் சண்டை போட்ட விஷயம் அது. இன்னொருத்தி, சுடர் இளநீலம் என்று போட்டிருக்கிறதே, எனக்கு மஞ்சளாகத் தெரிகிறதே என்றாள். கண்ணாடிக் குழாயின் நுனி சூடாகி அதிலுள்ள சோடியம் சுடருக்கு மஞ்சள் பூசுகிறது. தேர்வில் இளநீலம் என்றே எழுது, ஆனால் பார்த்தது மஞ்சள் என்பதை மறக்காதே என்றேன்.

பலூனுக்கு வாயு தயாரிப்பது நம் பலூன்காரர் கண்டுபிடித்த தொழில் இல்லை. 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் ஜாக் சார்ல் பறக்கவிட்ட முதல் ஹைட்ரஜன் பலூனுக்கு ஏறக்குறைய அரை டன் இரும்பின் மேல் கால் டன் கந்தக அமிலத்தை ஊற்றினார்கள். நிரப்ப நாட்கணக்கானது. பறந்துபோன பலூன் கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்க, வானத்திலிருந்து பூதம் வந்துவிட்டதென்று ஊர்க்காரர்கள் வைக்கோல் கவையால் குத்திக் கிழித்தார்கள். பிரெஞ்சு அரசு அடுத்து செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது: இது என்ன, இதில் என்ன வாயு, எதனால் பறக்கிறது, பயப்படாதீர்கள் என்று மக்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. 240 வருடத்துக்கு முன்னால் எழுத்தறிவில்லாத கிராமத்துக்கு விளக்க வேண்டும் என்று ஓர் அரசனின் அதிகாரிகளுக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இது பலூனோடு முடிவதில்லை. என்னிடம் படித்த பெண்களில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். அலுமினியத் தூள் இல்லாமல் மத்தாப்பும் இல்லை, பேன்சி ரகமும் இல்லை. துண்டாக இருக்கிற அலுமினியத்தைப் பணியவைக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். மாவாக இருக்கிற அலுமினியத்துக்கு, கலவையில் கொஞ்சம் காரத்தன்மையும் ஈரமும் இருந்தாலே போதும். மெதுவாக ஹைட்ரஜன் விடும், மெதுவாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறும். அதனால்தான் தெரிந்தவர்கள் கலவையில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். தீப்பிடித்த உலோகத் தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது இன்னும் ஹைட்ரஜனைத்தான் தரும். மண்ணைப் போட்டு மூட வேண்டும். “மிஸ், மருந்துல தண்ணி படக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாங்க, ஏன்னுதான் தெரியாது” என்று ஒரு பெண் சொன்னாள். ஏன் என்பது அவள் புத்தகத்திலேயே, உலோகங்கள் நீருடன் வினைபுரிதல் என்ற தலைப்பின் கீழ், ஒரு அட்டவணையாக இருக்கிறது. சோடியம் குளிர்ந்த நீரோடு, மக்னீசியம் சுடுநீரோடு, இரும்பு நீராவியோடு, தாமிரம் எதனோடும் இல்லை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அந்த அட்டவணையையும் அப்பாவின் எச்சரிக்கையையும் சேர்த்து வைக்க யாருக்கும் நேரமில்லை.

இதற்கிடையே ஹைட்ரஜன் பெரிய மனிதராகிவிட்டது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியை 2025-இல் சோதித்தது. அதே ஆண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் முன்னோட்ட ஆலை தொடங்கியது. நல்லது. அந்த ஆலைகளில் நாளைக்கு வேலைக்குப் போகப் போகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். ஐந்து மில்லி அமிலத்தில் வருகிற ஹைட்ரஜனைக்கூடத் தொடவிடாமல் வளர்த்து, டன் கணக்கில் ஹைட்ரஜன் இருக்கிற இடத்துக்கு அனுப்பப் போகிறோம்.

ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். ஒரு கிராம் துத்தநாகம் முழுக்கக் கரைந்தால் வருவது 380 மில்லி வாயு. சோதனைக் குழாயைத் தாண்டாமல், பெரிய குடுவையில் நெருப்பே காட்டாமல், கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்தால், சத்தத்தைத் தவிர பயப்பட அதில் ஒன்றும் இல்லை. துத்தநாகம் ஆய்வகத் தரத்தில் இருக்க வேண்டும். கண்ட கழிவு உலோகத்தைப் போட்டால் அதில் ஆர்செனிக் கலந்திருந்து நச்சு வாயு வரலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இந்த எச்சரிக்கைகளும் பாடம்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்கு 2022-இல் ‘வானவில் மன்றம்’ கொண்டு வந்தார்கள்; பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் அந்த எண்ணம் எங்கே போய்விடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இந்த இரண்டு குழாய்ச் சோதனையைச் செய்முறைப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்ய வேண்டும் என்று விதிக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் போதும். மதிப்பெண் வைத்தால் எங்கள் பள்ளிகளில் நடக்காத காரியம் எதுவும் இல்லை.

பலூன்காரர் விஷயத்தில் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் சிலிண்டரில் வாயு நிரப்பக் கூடாது என்று 2016-ஆம் வருட எரிவாயு உருளை விதிகள் சொல்கின்றன. ‘பெசோ’ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) என்றால் என்ன, அது தருகிற நாக்பூர் லைசென்ஸ் என்றால் என்ன என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனால் நாக்பூரிலிருந்து யாரும் இருக்கன்குடி மணலுக்கு வந்து ஈரச் சாக்கை விலக்கிப் பார்க்கப் போவதில்லை. பார்க்க முடிந்தவர்கள் உள்ளூரில் இருக்கிறார்கள். திருவிழாக் கடைகளை ஏலம் விடும்போது, இடத்திலேயே வாயு தயாரிக்கும் உருளைக்கு அனுமதி இல்லை என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம். தரைவாடகை வசூலிக்கிற குத்தகைதாரரே அதற்குப் பொறுப்பு என்றும் சேர்க்கலாம். தீயணைப்பு வண்டி எப்படியும் திருவிழாவுக்கு வந்து நிற்கிறது. அதிலிருந்து ஒருவர் காலையில் ஒரு சுற்று நடந்தால் சூடான உருளை எது என்று கைக்கே தெரிந்துவிடும். பழைய உருளைகளுக்கு வாய் வெட்டிக் கொடுக்கிற பட்டறைகளை யாரும் கேட்பதே இல்லை. முதலில் கேட்க வேண்டியது அவர்களை. பிடித்த உருளைக்குப் பதிலாக அந்த மனிதருக்குக் காற்றடிக்கிற பம்பும், குச்சி பலூனும், ஒரு சீசனைத் தள்ளச் சிறுகடனும் கொடுக்க உள்ளாட்சியால் முடியும். உருளை பிளந்தால் முதலில் சாகிறவர் அவர்; இதை மறந்துவிட்டு அவரைக் குற்றவாளியாக மட்டும் நடத்துகிற எந்த நடவடிக்கையும் உருளையை அடுத்த ஊர்த் திருவிழாவுக்குத்தான் தள்ளிவிடும்.

செய்தி எழுதுகிறவர்களிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பலூன் எரிந்தால் ஹீலியம் என்று எழுதுவதற்கு முன், உருளையின் அடியில் சாம்பல் நிறக் குழம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். அது காரம், தோலை அரிக்கும்.